நந்தனும் கிந்தனும்: நாஞ்சில் நாட்டுக் கலைஞர் ஒருவரின் மறுபாடல்

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மேடையில் நடத்திய ‘கிந்தனார்’ என்னும் கதாகாலட்சேபம் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோரால் ஓரளவு பேசப்பட்டுள்ளது. இறையியல் பயிலும் நம்மவர் அதனை நகைச்சுவைப் பகுதி ஒன்றாக மட்டும் எண்ணி விட்டுவிட்டனர். அது ஒரு சமயக் கதையின் மறுவடிவம் என்பதையும், அக்கதைக்கும் நாஞ்சில் நாட்டுத் திருச்சபையின் தோற்றத்திற்கும் இடையே உள்ள நெருக்கம் வியப்புக்குரியது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறைந்த பாடகரின் குரலையும் உடையையும் அசைவையும் அப்படியே மேற்கொண்டு மேடையேறும் கலைஞர்கள் இன்று உலகெங்கும் உள்ளனர். அமெரிக்க நாட்டில் எல்விஸ் பிரெஸ்லி 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மறைந்த பின்பு இத்தகையோர் பெருகினர். 1953இல் மறைந்த ஹாங்க் வில்லியம்ஸ், 1959இல் விமான விபத்தில் இறந்த படி ஹாலி ஆகியோரின் பாடல்களையும் இவ்வாறே பாடி வாழ்வோர் உண்டு. ராக் அண்டு ரோல் என்னும் அவ்விசையின் வேர்களுள் ஒன்று ஆலயத்தில் இருந்தது என்பதைப் போதகர்கள் நினைவிற்கொள்வது நன்று. பிரெஸ்லி பெந்தெகொஸ்தே சபையொன்றில் வளர்ந்தவர். அவர் போட்டியில் வென்ற மூன்று கிராமி விருதுகளும் பக்திப் பாடல் பதிவுகளுக்கே கிடைத்தன. நம் பக்கத்திலும் தூத்துக்குடியில் பிறந்த ஜே. பி. சந்திரபாபு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களின் ‘யோடலிங்’ என்னும் குரல் உடைப்பைத் தமிழ்த் திரையிற் பாடிக் காட்டினார். ஆயினும் போலச் செய்தல் என்பது வேறு. ஒரு மரபின் சட்டையை முழுவதும் அணிந்துகொண்டு அதன் கதையை மாற்றுவது வேறு. பின்னதைச் செய்தவர் கிருஷ்ணன்.

அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்தார். அக்காலத்தில் அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அவர் செவிக்கு முதலில் எட்டிய கலை வில்லுப்பாட்டு. வில்லும் வீசுகோலும் குடமும் உடுக்கையும் கட்டையும் தாளமும் கூடிய இக்கலை தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் அம்மன், மாடன் கோயில்களின் கொடை விழாவுக்கு உரியது. இங்கே புலவர் பாடுவது பெரும்பாலும் அநியாயமாய்ச் செத்தவர்களின் கதை. கொலையுண்டவர், கற்பழிந்தோர் எனப் பழிசுமத்தப்பட்டவர், சாதி மீறி மணந்தவர் ஆகியோர் மாண்டு தெய்வமாகி ஊரிடம் படையல் கேட்கின்றனர். முத்துப்பட்டன் கதையில் பிராமணன் ஒருவன் சக்கிலியர் குலத்துச் சகோதரிகள் இருவரை மணந்து, மாடு காக்கப் போய் மடிகிறான். கதையின் உச்சம் நள்ளிரவில், சாவு பாடப்படும்போதே வருகிறது. அப்பொழுதுதான் கோமரத்தாடி மீது அருள் இறங்கும். சாவு இல்லாமற் கொடை இல்லை. இக்கூறு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இளமையில் வில்லுப்பாட்டும் நாடகக் கொட்டகையுமே கிருஷ்ணனின் பள்ளி. 1925இல் தொடங்கிய டி. கே. எஸ். சகோதரர்களின் பால ஷண்முகானந்த சபையிற் சேர்ந்து, பெண் வேடம் முதற்கொண்டு பல வேடங்களில் நடித்துத் தேர்ந்தார். 1930களின் நடுவில் திரைக்கு வந்தார். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் சிக்கி, எம். கே. தியாகராஜ பாகவதருடன் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலை அடைந்தார். திரும்பி வந்த பாகவதரின் புகழ் மீளவில்லை. கிருஷ்ணனோ சிறைக்கு முன்பு இருந்ததைவிட மிகுந்த துணிவோடு மேடையில் நின்றார்.

இனி நந்தன் கதைக்கு வருவோம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ஒரு பெயராக மட்டும் நிற்கும் திருநாளைப்போவாரை, பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் ஆதனூர்ப் புலையராக விரித்துப் பாடினார். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லையிலோ மதில் விலகவில்லை, தீ மூட்டப்படுகிறது. அத்தீயில் மூழ்கி எழுந்தவர் புலையர் உடல் நீங்கி, பூணூல் அணிந்த மறைமுனிவர் வடிவாய் உள்ளே செல்கிறார். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்பு கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனைகளாக ஆக்கினார். 1861இல் அது அச்சேறியது. சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் படைத்தார். அவரே நிலக்கிழாராகிய வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் அறுவடை செய்துவிட்டுச் சிதம்பரம் போ என்று வேதியர் சொல்ல, ஓர் இரவில் சிவகணங்கள் அதனைச் செய்து முடிக்கின்றன. பண்ணையடிமையின் வாழ்க்கை இவ்வாறு பாட்டுக்குள் புகுந்தது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலின் இலக்கணப் பிழைகளையும், பெரியபுராணத்தோடு மாறுபடும் இடங்களையும் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டு உருகிய பின்னரே தந்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இலக்கணம் தடுத்ததை இசை கடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்திய மரபையும் கருநாடக இசையையும் இணைத்துக் கதாகாலட்சேபத்தைச் செப்பனிட்டபோது, நந்தனார் சரித்திரம் அக்கலையின் கைப்பொருளாயிற்று. பின்வந்த பாகவதர்கள் அதே நிகழ்ச்சிக் கோவையையும், அதே மெட்டுகளையும், கண்ணீர் வரவழைக்கும் அதே இடங்களையும் கைக்கொண்டனர். திரைப்படமும் விட்டுவைக்கவில்லை: 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தனர். ஒரு தலைமுறை முழுவதும் இக்கதையை மனப்பாடமாய் அறிந்திருந்தது. கிந்தனாரின் வெற்றிக்கு இது முதற்காரணம்; மூலத்தை அறியாதவனிடம் மறுபாடல் பலிக்காது.

கிருஷ்ணன் பாகவதர் கோலத்தை முழுமையாக ஏற்றார். அங்கவஸ்திரமும் சிப்ளாக்கட்டையும் பின்பாட்டும் இருந்தன. பாட்டினின்று வசனத்திற்கும் வசனத்தினின்று பாட்டிற்கும் தாவும் பழைய முறையும் இருந்தது. பாடல்களை உடுமலை நாராயணகவி இயற்றினார். முதலெழுத்து ஒன்றுதான் மாறியது: நந்தன் கிந்தன் ஆனான். சேரியிற் பிறந்த அச்சிறுவனுக்கும் ஆசை பிறக்கிறது. ஆனால் சிதம்பரம் போகவேண்டும் என்றன்று, படிக்கவேண்டும் என்று. ஊர்ப் பள்ளி அவனை ஏற்காமல் விரட்டுகிறது. அவன் புகைவண்டி ஏறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். அன்று விரட்டியவர் இன்று எழுந்து வரவேற்கிறார். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நடித்து, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், சி. என். அண்ணாதுரையின் வசனத்துடன் 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் இது இடம்பெற்று மூலைமுடுக்கெல்லாம் பரவியது.

அக்கதையின் நடுவே வரும் புகைவண்டிப் பாட்டைத் தனியே நோக்கவேண்டும். பாரதியாரின் நந்தன் நடந்து போனான். கிந்தனோ வண்டியில் எல்லாக் குலத்தாரும் நெருங்கி அமர்ந்திருக்கும் பெட்டியிற் போகிறான். வண்டி கோயிலுக்கு நேர் எதிரான ஓர் இடமாகப் பாட்டில் நிற்கிறது: சீட்டு வாங்கியவன் உட்காரலாம். புகைவண்டியாற் சாதி ஒழிந்துவிடும் என்ற அக்கால நம்பிக்கை நிறைவேறவில்லை என்று நாம் அறிவோம். ஆயினும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இதைப் பாடியவர் பிறந்த ஊரில் அன்று புகைவண்டியே கிடையாது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல், கலைவாணர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு ரயில் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலியில் தொடங்கும் வேறொரு உலகம்.

இந்தக் கணவாய் வழியாகவே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் வடக்கே நடந்திருந்தார். மயிலாடியில் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த மகராசன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தம் சகோதரி மகனுடன் யாத்திரை புறப்பட்டார். அவர் போன இடம் சிதம்பரம்! நந்தனுக்கு விலகாத மதில் அவருக்கும் விலகவில்லை. உள்ளே செல்லும் உரிமை அவர் குலத்தாருக்கு அன்று கிடையாது. அங்கே கண்டவற்றால் மனம் வெதும்பித் தஞ்சாவூர் வந்தார். கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். பின்பு மயிலாடிக்குத் திரும்பித் தம் மக்களுக்குப் போதித்தார். அவருடைய அழைப்பின் பயனாகவே ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது ஊழியத்தை ஒப்படைத்தது வேதமாணிக்கத்தின் கையிலேயே. தென்திருவிதாங்கூரிற் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு மிஷனெரியோடு தொடங்கவில்லை, சிதம்பரம் போய்த் திரும்பிய ஒரு யாத்திரிகனோடு தொடங்குகிறது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

கிருஷ்ணனும் நாராயணகவியும் மகராசனை மனத்தில் வைத்துக் கிந்தனைப் படைத்தனர் என்று நாம் வாதிடவில்லை. நந்தனுடைய பெயரைக் கல்வியோடு இணைத்ததும் அவர்கள் முதலில் அல்லர். சுவாமி சகஜானந்தா 1916இலேயே சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நந்தனார் பெயராற் பள்ளி நிறுவியிருந்தார். எனினும் கிருஷ்ணன் வளர்ந்த மண்ணில் இக்கேள்விகள் வெறுங்கதை அல்ல. நாகர்கோவிலிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய பொதுத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இற் சத்தியாக்கிரகம் நடந்தது. அப்போது அவருக்கு வயது பதினேழு. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபோது அவர் திரையில் அறிமுகமாகியிருந்தார். அதற்கும் முந்திய தலைமுறைகளில், 1859இன் பிரகடனம் வரை, மார்பை மூடும் உரிமைக்காக நம் பெண்கள் அடிபட்டனர். 1855 வரை இந்நாட்டில் அடிமை முறை சட்டத்தில் இருந்தது. இவற்றின் நினைவு ஆறாத ஊர்களில் வளர்ந்தவன் எழுதும் கதையில் நந்தன் தீயில் இறங்க மறுப்பது இயல்பே.

இங்கேதான் இறையியல் மாணவன் சற்று நிற்கவேண்டும். சேக்கிழாரிடமும் பாரதியாரிடமும் மாறுவது யார்? நந்தன். தில்லை மாறுவதில்லை, ஊர் மாறுவதில்லை. அவனுடைய உடலே தீயில் மாற்றப்படுகிறது. வில்லுப்பாட்டிலும் ஒடுக்கப்பட்டவன் முதலிற் சாகவேண்டும்; செத்த பின்பே ஊர் அவனுக்குப் பயப்படுகிறது. இவ்விரு மரபுகளையும் இளமையில் உண்டு வளர்ந்த கிருஷ்ணன் இரண்டு சாவுகளையும் ஒருங்கே விலக்கினார். கிந்தன் சாவதில்லை, தெய்வமாவதில்லை, வேறு வடிவம் எடுப்பதும் இல்லை. சேரியிற் பிறந்த அதே உடலோடு, அதே பெயரோடு திரும்பி வருகிறான். மாறவேண்டியவர் வாசலில் நிற்கும் ஆசிரியர். தானியேலின் ஆகமத்திற் சூளையிலிருந்து வெளிவந்த மூவர்மேலும் அக்கினியின் மணம்கூட வீசவில்லை என்று வாசிக்கிறோம். அவர்கள் எபிரெயராகவே நுழைந்தனர், எபிரெயராகவே வெளிவந்தனர். நந்தனின் தீயை இந்தச் சூளையோடு ஒப்பிட்டுப் பிரசங்கிப்போர் உண்டு. இவ்வேறுபாட்டை மறந்து ஒப்பிடுவது தவறு என்பது என் கருத்து.

கலைவாணர் பகுத்தறிவு இயக்கத்தாரோடு நெருங்கியவராதலால் பக்தியைப் பரிகசிக்கவே இதைச் செய்தார் என்று கூறுவோர் உளர். கதையைக் கவனித்தால் அது பொருந்தாது. அவர் நையாண்டி செய்வது பாகவதரின் தோரணையையும் ஊராரின் தடையையும். நந்தனின் ஏக்கத்தை அவர் எங்கும் சிறுமைப்படுத்தவில்லை. அதை வேறு வாசலுக்குத் திருப்புகிறார், அவ்வளவே. மூலக்கதையின்மீது மரியாதை இல்லாதவர் அதன் மெட்டுகளையும் நடையையும் அத்துணை நுட்பமாய்ப் பின்பற்றியிருக்க முடியாது.

நம் சபைகளிலும் மறுபாடலின் சிக்கல் உண்டு. மகராசன் தஞ்சாவூருக்குப் போன அந்நாட்களில் அங்கே ஆசிரியப் பணியிலிருந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். அவருடைய வழிவந்தோர் தலைமுறைதோறும் ‘சாஸ்திரியார்’ பட்டத்தை ஏற்று அவர் பாடியவாறே காலட்சேபம் செய்து வந்துள்ளனர். இது மெச்சத்தக்க உண்மைத் தொண்டு. ஆயினும் 1829ஐ ஒட்டித் தஞ்சைச் சபையிற் சாதி வேற்றுமையை நீக்க மிஷனெரிமார் முனைந்தபோது, அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதியவரும் அவரே. அவருடைய பாட்டைப் பாடும் மயிலாடிச் சபையார் அவருடைய பந்தியில் அமர்ந்திருக்க முடியுமா? கேள்வி எளிதன்று. பாட்டை விட்டுவிடுவோம் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. மதுரை அரசரடி இறையியற் கல்லூரியில் போதித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) கீர்த்தனையின் கருநாடக இசைச் சட்டத்தையே கேள்விக்குள்ளாக்கி, சேரி மக்களின் இசையில் வழிபாட்டை அமைத்தார். கிருஷ்ணன் வேறு வழியைக் கண்டார்: சட்டத்தை வைத்துக்கொண்டு கதையை மாற்றினார். இரண்டில் எது நம் சபைகளுக்கு ஏற்றது என்பதைப் போதகர்கள் தம் தம் ஊர் நிலையில் ஆராயவேண்டும்.

கிந்தனாரிலும் குறை இல்லாமல் இல்லை. ஒருவன் படித்து அதிகாரியாகிறான், சேரி என்னவாயிற்று? அவன் கூடப் பிறந்தவர்கள் எங்கே? நாற்பது வேலி நிலத்தைப் பற்றிப் பாரதியார் எழுப்பிய கேள்வி கிந்தனாரில் மறைந்துபோகிறது. நம் மிஷன் பள்ளிகளின் வரலாற்றிலும் இதே வெளிச்சமும் இதே நிழலும் காணப்படுகின்றன. படித்தோர் உயர்ந்தனர், வெளியூர் சென்றனர். படிக்காதோருக்கு ஆண்டுக்கொரு சேகரக் கூட்டமும் காணிக்கைப் பையும் எஞ்சின. படித்து உயர்ந்தவர்களே கல்லறைத் தோட்டத்தில் குலவாரியாக வேலியிட்ட ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு.

தென்திருவிதாங்கூரில் நெடுங்காலம் ஊழியம் செய்த சார்லஸ் மீட் ஐயரின் முடிவு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1852இல் தாழ்த்தப்பட்ட குலத்தில் வந்த கிறிஸ்தவப் பெண் ஒருவரை அவர் மணந்தார். எழுந்த எதிர்ப்பில் மிஷனை விட்டே விலக நேர்ந்தது. பின்னர் திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக நியமித்தது. சபை ஏற்காதவர் பள்ளி அதிகாரியாய் ஊர் ஊராகப் போனார். கிந்தனாரைக் கேட்டுச் சிரித்த நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவர்களில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்திருப்பர்?

கலைவாணர் 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் அவர் பிறந்த மண் தமிழகத்தோடு இணைந்திருந்தது. அவர் கையிலெடுத்த வில் நின்றுவிடவில்லை. அவருக்காக எழுதத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022), கொடை விழாவின் சாவுக் கதைகளுக்கு அப்பால் காந்தியடிகளின் கதையையும் பிறவற்றையும் வில்லில் ஏற்றி நகர மேடைகளிலும் வானொலியிலும் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் மகள் பாரதி திருமகன் அக்கலையைத் தொடர்கிறார்.

நம் கல்லூரி மாணவர்களுள் இசையறிவு உடையோர் எவரேனும் மகராசன் வேதமாணிக்கத்தின் யாத்திரையை வில்லில் அமைக்க முன்வந்தால், ஒரு சிக்கலை முதலிலேயே தீர்க்கவேண்டியிருக்கும். வில்லுப்பாட்டின் இலக்கணப்படி உச்சம் சாவில் இருக்கவேண்டும். காலட்சேபத்தின்படி திருவடி சேர்தலில் இருக்கவேண்டும். மகராசனின் கதையில் உச்சம் இவ்விரண்டிலும் இல்லை. சிதம்பரத்தையும் தஞ்சாவூரையும் விட்டு அவர் தெற்கே திரும்பி, தம்மை அறிந்த அதே தெருவில், வேறு பெயரோடு, கையிற் புத்தகத்தோடு வந்து நின்ற நாளில் இருக்கிறது. அவ்விடத்திற்கு எந்த மெட்டு ஏற்கும் என்பதை வில்லடிக்கும் புலவர்களிடமே கேட்கவேண்டும்.